உப்பைச் சத்து என்று சொன்ன சென்சார்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள செவக்காட்டில் நைட்ரஜன் நிறைய இருக்கிறது என்று ஒரு கருவி சொன்னால், நான் முதலில் கேட்பது "தண்ணி எந்தக் கெணத்துல இருந்து பாயுது?" என்பதைத்தான். மண்ணைப் பற்றிய சந்தேகத்துக்குக் கிணற்றைப் போய் எட்டிப் பார்ப்பது வெளியூர்க்காரர்களுக்கு விநோதமாகத் தெரியலாம். இந்த ஊரில் மண் பரிசோதனைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கைப்பழக்கம்.

மண், தண்ணீர் மாதிரிகளைச் சோதித்து உரப் பரிந்துரை எழுதுவது என் வேலை. ஆய்வகத்தில் குடுவையும் வடிதாளுமாகத் தொடங்கி, இப்போது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்திருக்கிறேன். வேடசந்தூர், வடமதுரை, சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை என்று சமவெளி முழுவதும் அலைகிற வேலை. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், முருங்கை, தக்காளி, பூ, தென்னை என ஊருக்கு ஊர் பயிர் மாறும். ஒரே ஊரில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மாறும். கடந்த சில ஆண்டுகளில் இந்தத் தொழிலுக்குள் இரண்டு புது வரவுகள். முதலில் மண்ணில் குத்தி வைக்கும் சென்சார் வந்தது. பின்னாலேயே, அது தரும் எண்களைப் படித்து இன்ன உரம் இவ்வளவு போடு என்று தமிழிலேயே சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்தது. இரண்டும் எனக்கு வேண்டியவை, தினமும் கையில் இருப்பவை. இரண்டும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் விவசாயியின் காசும் பயிரும் போகிற மாதிரி ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஆய்வகத்தில் நைட்ரஜன் என்று எழுதும் எண், மண்ணிலுள்ள மொத்த நைட்ரஜனையும் குறிப்பதில்லை. காரப் பெர்மாங்கனேட் கரைசலோடு மண்ணைக் காய்ச்சி, வெளிவரும் அம்மோனியாவைப் பிடித்து அளக்கிறோம். சுப்பையா, அசிஜா என்ற இருவர் 1956-இல் வெளியிட்ட முறை அது. மணிச்சத்துக்கு 1954-இல் வந்த ஓல்சன் முறை. சாம்பல் சத்துக்கு அம்மோனியம் அசிட்டேட். அந்தந்தக் கரைசல் மண்ணிலிருந்து எவ்வளவு பிரித்தெடுத்ததோ அதுதான் தாளில் ஏறும் எண். கரைசலை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். பிறகு அந்த எண் இருக்கும் வயலில் உரம் கூட்டியும் குறைத்தும் பயிர் வைத்து, விளைச்சல் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எக்டேருக்கு நைட்ரஜன் 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 450-க்கு மேல் போனால் அதிகம் என்றும், மணிச்சத்துக்கு 11, 22 என்றும், சாம்பல் சத்துக்கு 118, 280 என்றும் கோடு போட்டிருப்பது அந்த உழைப்பினால்தான். ராமமூர்த்தியும் அவரோடு வேலை செய்தவர்களும் 1967-இல் வகுத்த இலக்கு விளைச்சல் முறையும் அதன் மேல் நிற்பதே. இத்தனை டன் எடுக்க நினைத்தால் பயிருக்கு இவ்வளவு சத்து வேண்டும், அதில் மண் இவ்வளவு தரும், மீதியை உரமாகக் கொடு என்ற கணக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்தச் சமன்பாடுகளை மண் வகை வகையாக, பயிர் பயிராக வயலில் கண்டு வெளியிட்டிருக்கிறது. பின்னால் இந்த வரலாறு இல்லாத எண்ணை நான் உரக் கணக்குக்குள் விடுவதில்லை.

இப்போது சென்சாருக்கு வருவோம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், எஃகுக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. ஈரம், வெப்பம், உப்பின் நிலை, பி.எச்., நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் என்று ஏழு எண் காட்டும். ஈரத்தை அது கண்டுபிடிக்கும் விதம் அருமையானது. மின்புலத்தை ஏற்றுக்கொள்ளும் தன்மை தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண் துகளுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. ஆகவே அந்தத் தன்மை ஏறினால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வெப்பத்தை அளப்பதிலும் சிக்கல் இல்லை. உப்பின் நிலைக்கு, கம்பிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்க்கிறது. அதைத்தான் இ.சி. என்கிறோம். பி.எச். எண்ணை ஆய்வகத் தாளோடு ஒப்பிடாமல் நான் எடுப்பதில்லை. மிச்சம் மூன்று எண்களில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மலிவு வகைகளில் நைட்ரஜனை அறியும் உறுப்பு எதுவும் கிடையாது. பாஸ்பரஸுக்கும் இல்லை, பொட்டாசியத்துக்கும் இல்லை. இ.சி. எண்ணை எடுத்து, முன்கூட்டியே எழுதி வைத்த சில பெருக்கல்களால் மூன்றாகப் பிரித்துத் திரையில் போடுகிறது. மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு, உள்ளே நெல் இவ்வளவு, கல் இவ்வளவு, பதர் இவ்வளவு என்று சொல்வது போன்ற காரியம்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன், யாரும் வீட்டில் செய்யலாம். ஒரு வாளியில் மழைநீரோ, கேன் தண்ணீரோ எடுத்து சென்சாரை நிறுத்த வேண்டும். ஏழு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சமையல் உப்பை ஒரு கைப்பிடி போட்டுக் கலக்க வேண்டும். சமையல் உப்பில் சோடியமும் குளோரைடும்தான் உண்டு. ஆனால் திரையில் நைட்ரஜன் ஏறும், பாஸ்பரஸ் ஏறும், பொட்டாசியமும் ஏறும், மூன்றும் சேர்ந்தாற்போல் ஏறும். உழவர் கூட்டங்களில் இதைச் செய்து காட்டினால் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பும். அப்புறம் ஏற்கெனவே சென்சார் வாங்கியவர்களின் முகம் மாறும். அவர்களிடம் உடனே சொல்லிவிடுவேன்: வாங்கியது வீண் இல்லை, முதல் மூன்று எண்ணை வைத்து எவ்வளவோ வேலை பார்க்கலாம், கடைசி மூன்றை மட்டும் கண்ணில் படாமல் மறைத்துவிடுங்கள்.

வேறு மாவட்டங்களில் இது ஒரு சின்னப் பிழையாகப் போய்விடக்கூடும். திண்டுக்கல்லில் அப்படி விட முடியாது, காரணம் இங்கே நிலத்தடியில் இருக்கும் உப்பு. அதில் ஒரு பங்கு தோல் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. தோல் கெடாமல் இருக்க அதில் உப்பைத் தடவி வைப்பார்கள். பதனிடும்போது முதல் வேலையே ஊற வைத்து அந்த உப்பைக் கழுவுவது. அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் ஊரைச் சுற்றியுள்ள பள்ளங்களிலும் ஓடைகளிலும் நின்று மண்ணுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் இருந்த ஐந்து மாவட்டங்களில் ஒன்றாகத் திண்டுக்கல் அண்ணா மாவட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கும் அதில் இருக்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அசுத்தம் செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குள் நம் பக்கத்துக் கிணறுகளின் எண்ணிக்கை உட்கார்ந்திருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பின்னால் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் இங்கே வந்து தோல் தொழிற்சாலைகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரை ஆராய்ந்து எழுதினார்கள். எல்லா உப்புக் கிணறும் இதனால் ஆனதில்லை. கடினப் பாறைக்குள் ஆழமாகப் போன போர்களில் இயல்பாகவே உவர் ஏறும். எப்படி வந்தாலும் சோடியமும் குளோரைடும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அவை இருக்கும் மண்ணில் அந்தப் பெட்டியை நட்டால், சத்து கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லும்.

ரெட்டியார்சத்திரம் போகும் வழியில் ஒரு பெரியவர் தோட்டம். இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம், சொட்டுநீர். கல்லூரியில் படிக்கும் பேத்திதான் சென்சார் வாங்கி வைத்தவள். மாலையில் எண்களை எடுத்து ஏஐயிடம் கொடுப்பாள், அது சொல்வதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவாள். மேலுரம் வைக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, மிசினு சத்து நெறைய இருக்குங்குது. போன்ல கேட்டா யூரியாவே வேணாங்குது. தாளப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்குன்னு."

பேத்தி போனைக் காட்டினாள். ஏஐ எழுதியிருந்தது அழகான பதில். சென்சாரில் நைட்ரஜன் கிலோவுக்கு 183 மில்லிகிராம். அதை 2.24-ஆல் பெருக்கி எக்டேருக்கு 410 கிலோ என்று மாற்றியிருந்தது. தமிழ்நாட்டின் 280, 450 கோடுகளைக்கூடச் சரியாக நினைவில் வைத்து, நடுத்தரத்தில் மேல்படி என்று வகைப்படுத்தியிருந்தது. அதிக நைட்ரஜன் வெங்காயத்தில் கழுத்தைத் தடிக்க வைக்கும், சேமித்து வைக்கும் பட்டறையில் அழுகலைக் கூட்டும், ஆகவே மேலுரத்தைத் தவிர்க்கலாம் என்று காரணமும் சொல்லியிருந்தது. ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரி. 2.24 சரி, கோடுகள் சரி, வெங்காயக் கழுத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. முதல் எண் மட்டும் நைட்ரஜன் இல்லை, தோட்டத்துக் கிணற்றின் உப்பு. கொஞ்ச நாளில் வந்த ஆய்வகத் தாளில் நைட்ரஜன் குறைவு என்ற கோட்டுக்குக் கீழேயே இருந்தது. இந்தச் செவக்காட்டில் எப்போதும் பார்ப்பதுதான்.

ஏஐயைத் திட்டுவது எளிது. என் தொழில் அனுபவத்தில் அதற்கு அந்த இடத்தில் வேறு வழி இல்லை. நைட்ரஜன் என்று பெயர் போட்ட எண்ணைக் கொடுத்தோம், அது நைட்ரஜனாக எடுத்துக்கொண்டது. பேத்தியிடம் போனை வாங்கி, கீழே நாலு வரி சேர்த்தேன். இந்த மூன்று எண்ணும் இ.சி.யிலிருந்து கணக்கிடப்பட்டவை, ஆய்வகத்தில் அளந்தவை அல்ல. கிணற்று நீர் உப்பு. ஊர் திண்டுக்கல்லை ஒட்டி, தோல் தொழிற்சாலைக் கழிவு பாதித்த பகுதி. மண் செம்மண், சொட்டுநீர்ப் பாசனம். அவ்வளவுதான். பதில் அடியோடு மாறியது. முன்னால் சொன்ன பரிந்துரையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றது. தண்ணீரின் இ.சி., சோடியம், குளோரைடு, பைகார்பனேட் பரிசோதனை இருக்கிறதா என்று கேட்டது. மண்ணின் இ.சி. எந்த முறையில் எடுத்தது என்று கேட்டது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே மரியாதை வந்தது, ஏனென்றால் வேளாண் பட்டம் வாங்கியவர்களே அதைக் கேட்பது குறைவு.

இ.சி. என்ற ஒரே பெயரில் மூன்று வேறு அளவுகள் நடமாடுகின்றன. மண்வள அட்டையில் வருவது, மண்ணை இரண்டு இரண்டரை மடங்கு தண்ணீரில் கரைத்து எடுத்தது. பயிர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று சொல்லும் அட்டவணைகளில் வருவது, மண்ணைக் கூழாகக் குழைத்து அதிலிருந்து பிழிந்த நீரில் எடுத்தது. சென்சார் சொல்வது மண், காற்று, ஈரம் எல்லாம் சேர்ந்து கடத்தும் மின்சாரம். மண் காய்ந்தால் உப்பு அங்கேயே இருக்கும்போதே அந்த எண் இறங்கிவிடும். அட்டையில் 0.8 என்று இருக்கும் மணல்பாங்கான மண்ணைக் கூழாக்கிப் பிழிந்தால் எண் பல மடங்கு ஏறும். சின்ன வெங்காயம் உப்பு தாங்காத பயிர். வெங்காயத்துக்குக் கூழ்முறையில் 1.2 வரைதான் விளைச்சல் குறையாமல் நிற்கும் என்கின்றன அட்டவணைகள். 0.8-ஐ 1.2-உடன் ஒப்பிட்டு கவலை இல்லை என்று எழுதும் பரிந்துரைகளை மனிதர்களும் எழுதியிருக்கிறார்கள், ஏஐயும் எழுதுகிறது. ஆகவே இப்போது நான் எந்த எண்ணை ஏஐயிடம் கொடுத்தாலும், அது எந்த முறையில், எந்த ஆழத்தில், தண்ணீர் பாய்ந்து எத்தனை நேரம் கழித்து எடுத்தது என்பதையும் கூடவே எழுதுகிறேன். எங்கள் நிறுவனங்களில் அதற்கு ஒரு படிவமே வைத்துவிட்டோம்.

பாசன நீருக்கு நேரடியாகப் பார்க்கும் அட்டவணையும் உண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காக ஏயர்ஸும் வெஸ்ட்காட்டும் எழுதிய, 1985-இல் திருத்தி வெளியான கையேட்டில், வெங்காயத்துக்குத் தண்ணீரின் இ.சி. 0.8 வரை முழு விளைச்சல், 1.8 ஆனால் கால் பங்கு போகும், 2.9 ஆனால் பாதி போகும். பெரியவரின் பழைய கிணற்றுத் தண்ணீர் 3.0 காட்டியது. அவர் வெளிறிய தாளை யூரியாக் குறையாகப் பார்த்தார். பேத்தி நுனி காய்ந்த தாளைப் படம் எடுத்து இன்னொரு செயலியில் போட்டிருந்தாள். அது சாம்பல் சத்துக் குறை, மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போடு என்றது. உப்பினால் காயும் நுனியும் பொட்டாஷ் குறைந்து காயும் நுனியும் படத்தில் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்து உரங்களின் உப்புத்தன்மையை ஒப்பிட்டால் இது 116 வரும். சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் 46-தான். குளோரைடால் கருகும் பயிருக்குக் குளோரைடு உரத்தை மருந்தாகக் கொடுக்க இருந்தார்கள். மூட்டை தோட்டத்துக்கே வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை கூடினாலும் சல்ஃபேட் வகையைக் குறைந்த அளவில் வாங்கச் சொன்னேன். அதிலுள்ள கந்தகமும் வெங்காயத்தின் காரத்துக்கு வேண்டியதே.

நைட்ரஜனுக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரையையே எடுத்தோம். சின்ன வெங்காயத்துக்கு எக்டேருக்கு அடியுரமாக 30 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல் சத்து. முப்பதாம் நாள் மேலும் 30 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 12 கிலோ, யூரியாவில் சொன்னால் 26 கிலோ. அதைச் சொட்டுநீரில் பல தடவையாகப் பிரித்துக் கொடுத்தோம். பிரிக்கும் கணக்கை ஏஐதான் போட்டது, நன்றாகவே போட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இலக்கு விளைச்சல் முறையில் கணக்குப் போடு என்று கேட்டால் ஏஐ உடனே ஒரு சமன்பாட்டை எழுதிவிடும். வடிவம் சரியாக இருக்கும். உள்ளே இருக்கும் கெழுக்கள் நம் மண்ணுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் பல தடவை பின்வாங்குகிறது. பல்கலைக்கழகம் வெளியிட்ட சமன்பாட்டை மண் தொடர், பயிர் பெயரோடு நாமே எழுதிக் கொடுத்து, கூட்டிப் பெருக்கும் வேலையை மட்டும் விடுவதுதான் சரி. சமன்பாடு இல்லாத பயிரென்றால் இல்லை என்று ஒத்துக்கொண்டு பொதுப் பரிந்துரைக்குப் போக வேண்டும்.

தண்ணீரில் இருந்து வரும் தழைச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊருக்குள் மாட்டுத் தொழுவங்களும் கழிவுநீர்த் தொட்டிகளும் நெருக்கமாக இருக்கும் இடங்களில் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறும். குடிநீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் என்பது இந்தியத் தர அளவு. அதில் நைட்ரஜனாக இருப்பது சுமார் 10 மில்லிகிராம். ஏக்கருக்கு 300 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 12 லட்சம் லிட்டர். அப்படியென்றால் 12 கிலோ நைட்ரஜன் தண்ணீரோடு வந்து விழுகிறது, வெங்காயத்தின் மேலுரம் முழுவதும் அதிலேயே முடிந்துவிட்டது. நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா, வருஷா வருஷம் செடி மட்டும் தழைத்துப் பூ குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பரிசோதனையில் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. அவர் தோட்டத்திலும் சென்சார் நைட்ரஜன் அதிகம் என்றுதான் காட்டியது. அங்கே தற்செயலாக உண்மை. எது உப்பு, எது சத்து என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது. தண்ணீர்த் தாள்தான் பிரித்துக் காட்டும்.

சென்சாரும் ஏஐயும் சேர்ந்து உண்மையாகவே கைகொடுக்கும் இடம் வேறு. ஒரு எண்ணைக் கொண்டு போய் இது அதிகமா குறைவா என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் பல நாள் எடுத்த எண்களைக் கொடுத்து என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். வேடசந்தூர் பக்கம் ஒரு முருங்கைத் தோட்டத்தில் 15 சென்டிமீட்டரில் ஒன்றும் 45 சென்டிமீட்டரில் ஒன்றுமாக இரண்டு சென்சார் வைத்தோம். மணிக்கு ஒரு தடவை பதிவு. பாசன நீரில் உரம் கலக்கும் வென்சுரியில் உரம் விட்ட ஒவ்வொரு தடவையும் மேலே இருப்பதில் இ.சி. ஏறி, சில மணி நேரத்தில் இறங்கி, கீழே இருப்பதில் ஏறியது. போட்ட உரம் வேரைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நீளப் பட்டியலை உட்கார்ந்து பார்த்து அந்தப் பின்னலைப் பிடிக்க எனக்கு ஒரு நாள் ஆகும். ஏஐ உடனே பிடித்தது. கூடவே, பிற்பகலில் ஏறி விடியலில் இறங்கும் ஒரு சின்ன அலையையும் சுட்டி, இது சத்து மாற்றமாக இருக்காது, மண் சூடேறுவதால் வருவது, டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் இ.சி. மாறும் என்றது. சரியான கணிப்பு.

உரம் கீழே இறங்குவதற்கு அது சொன்ன வைத்தியம், தினமும் காலை, மாலை அரை மணி நேரம் தண்ணீர் விடு என்பது. தோட்டக்காரர் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, மூணு பேஸ் கரண்டு எப்ப வரும்னு இதுக்கு யாரு சொல்றது?" முறை வைத்து வரும் மும்முனை மின்சாரம், ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்த மோட்டார், கரண்டு வந்தால் ஓடி நின்றால் நிற்கும். தண்ணீர் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் போய் உரத்தைக் கீழே தள்ளியதற்குக் காரணம் அதுதான். அதையும் எழுதிக் கொடுத்தோம். இரண்டாவது பதில் வயலில் செய்யக்கூடியதாக இருந்தது: வால்வு பிரித்து இரண்டு பகுதியாக மாற்றி மாற்றி விடு, உரத்தை ஆரம்பத்திலேயே விடாதே, முதலில் வெறும் தண்ணீர், பின்பாதியில் உரம், கடைசியில் குழாய் கழுவும் அளவுக்கு மட்டும் தண்ணீர். அடுத்து வந்த பதிவுகளில் கீழ் சென்சாரின் ஏற்றம் தணிந்தது. உரம் அங்கேயே நின்றது என்பதற்கு அந்தத் தோட்டத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இந்த வேலைக்கு நைட்ரஜன் எண்ணே தேவைப்படவில்லை. இ.சி. எந்தத் திசையில், எந்த நேரத்தில் நகர்கிறது என்பது போதும்.

மகாராஷ்டிரத்தில் பாராமதி கரும்புத் தோட்டங்களில் செயற்கைக்கோள் படம், வானிலை நிலையம், மண் சென்சார் எல்லாவற்றையும் ஏஐயோடு சேர்த்துச் செய்யும் வேலையின் காணொலியை உழவர்கள் அடிக்கடி எனக்குக் காட்டுகிறார்கள். நமக்கும் வருமா என்று கேட்கிறார்கள். வரும், வர வேண்டும். அங்கே ஒரே பயிர், பெரிய பரப்பு, பின்னால் ஓர் ஆராய்ச்சி அமைப்பு. இங்கே ஒன்றரை ஏக்கரில் வெங்காயம், பக்கத்தில் தென்னை, வரப்பில் முருங்கை. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் செய்த மண் ஈரம் காட்டும் சின்னக் கருவி, நிற விளக்கால் தண்ணீர் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும். அதைப் போல, தனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லும் கருவியின் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சென்சார் எங்கே குத்தியிருக்கிறது என்பதையும் ஏஐ கேட்பதில்லை. சொட்டுவானுக்கு அடியில் ஒரு எண், அரை அடி தள்ளி இன்னொரு எண், ஈரம் முடியும் விளிம்பில் உப்பு சேர்ந்து இன்னொன்று. மண் மாதிரி எடுப்பதென்றால் ஆங்கில வி வடிவத்தில் 15 சென்டிமீட்டர் வெட்டி, பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, கால் கால் பங்காகக் கழித்து அரைக் கிலோ ஆக்குவோம். சென்சார் ஒரு கையளவு இடத்தின் கதையைச் சொல்லும். இரண்டுக்கும் வேலை வேறு.

பெரியவர் தோட்டத்தில் இப்போது அடுத்த பட்டத்தைப் பற்றிப் பேச்சு. தண்ணீர் எண்களையெல்லாம் பார்த்துவிட்டு ஏஐ, வெங்காயத்தை விட்டுச் சோளம் வைக்கச் சொல்கிறது. சோளம் மண்ணில் 6.8 வரை தாங்கும் என்ற அட்டவணை எண் சரிதான். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"சோளத்தட்ட மாட்டுக்கு ஆகும், இல்லேங்கல. பட்டறையில வெங்காயம் இல்லாம வருசம் எப்படித் தம்பி ஓடும்? பேத்திக்குப் பீசு கட்டுறது எதுல?"

"ரெண்டையும் வைக்கலாம்ங்கய்யா. நல்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு முதல்ல பாப்போம்."

மேட்டில் இருக்கும் போரில் தண்ணீர் குறைவு, ஆனால் இ.சி. 0.9. பழைய கிணற்றில் 3.0. ஒரு பங்கு கிணற்று நீருக்கு இரண்டு பங்கு போர் நீர் கலந்தால் 1.6 வரும். அதிலும் வெங்காயம் கொஞ்சம் அடிபடும். விதைக் காய் ஊன்றியதிலிருந்து வேர் பிடித்துத் தாள் விடும் வரை போர் நீர் மட்டும், பிறகு கலப்பு, பழைய கிணறு முழுவதும் சோளத்துக்கு என்று மூன்று விதமாக ஏஐயிடம் கணக்குக் கேட்டோம். போர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பேத்தி அளந்து கொடுத்தாள். அதன்படி முக்கால் ஏக்கர் வெங்காயம் தாங்கும், மீதியில் சோளம். முக்கால் என்பதை ஒன்றாக்க முடியுமா என்று பெரியவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆடிக்கு முன் இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் மறுபடி ஆய்வகத்துக்குக் கொடுக்கிறோம், இந்தத் தடவை நைட்ரேட்டும் சேர்த்து. அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் ஏக்கர் கணக்கை முடிவு செய்வது என்று மூவரும் பேசி வைத்திருக்கிறோம்.